வராந்தாவில் விட்டது யார்

மனித குலத்தின் மகத்தான தருணங்கள் எல்லாம் ஆழ்ந்த மௌனத்தில்தான் பிறந்திருக்கின்றன. பெரிய காரியம் ஒன்று நிகழப்போகும் வேளையில் பேச்சு தானாக அடங்கிவிடுகிறது; மூச்சுகூட அனுமதி கேட்டுக்கொண்டுதான் உள்ளே போகிறது. குழந்தைகள் அறுவைச் சிகிச்சை வார்டின் கடைசிக் கட்டிலைச் சுற்றி அன்று காலை நிலவியது அப்படிப்பட்ட மௌனம். ஒரு பெரிய டாக்டர், அவருக்குப் பின்னால் ஒரு சின்ன டாக்டர், அவருக்கும் பின்னால் மாணவர் கூட்டம், ஒரு சிஸ்டர், ஒரு தாய், ஒரு தகப்பன். அத்தனை பேரும் காத்திருந்தது ஒரே விஷயத்துக்காக. கட்டிலில் படுத்திருந்த ஒன்பது வயதுப் பெண் ஒரு குசு விட வேண்டும்.

அவள் விடவில்லை.

"வாயு வெளியேறியதா?" என்று பெரிய டாக்டர் கேட்டார். அவர் வீட்டில் உப்பு கேட்பதும் இதே தோரணையில்தான் இருக்கும் என்று மாணவர்கள் தங்களுக்குள் சொல்லிக்கொள்வதுண்டு.

பெண்ணுக்குப் புரியவில்லை. சிஸ்டர் குனிந்து, "காத்து பிரிஞ்சுதா கண்ணு?" என்றாள்.

அதுவும் புரியவில்லை. அம்மா அவள் காதோரம் போய், "குசு விட்டியாடி?" என்றாள். ரகசியமாகத்தான் சொன்னாள். ஆனால் மௌனம் ஆழ்ந்திருந்ததால் வாசலில் நின்ற மாணவனுக்கும் கேட்டது.

பெண்ணின் முகம் சிவந்தது. "நான் அதெல்லாம் விட மாட்டேன்" என்றாள்.

அவள் வகுப்பில் லீடர். வீட்டிலும் லீடர் என்றே கூப்பிட்டார்கள். வாத்தியார் இல்லாத நேரத்தில் பேசுகிறவர்கள் யார், சிரிக்கிறவர்கள் யார், வாயில் எதையாவது போட்டு மெல்லுகிறவர்கள் யார் என்று கரும்பலகையில் எழுதி வைப்பவள். அவள் பெயர் ஒரு நாளும் அந்தப் பலகையில் ஏறியதில்லை. அப்படிப்பட்டவளைப் பிடித்து, இத்தனை பேர் நடுவில், இந்தக் கேள்வியைக் கேட்டால் என்ன பதில் வரும்?

குடல்வால் உள்ளேயே வெடித்து, வயிற்றைத் திறந்து கழுவித் தைத்திருந்தார்கள். காய்ச்சல் இறங்கிவிட்டது. காயம் நன்றாக ஆறிக்கொண்டிருந்தது. வயிறு மட்டும் ஊதிப்போய் நின்றது. காற்று பிரியும் வரை வாய் வழியாக ஒன்றும் தரக் கூடாது என்று கட்டிலின் தலைமாட்டில் அட்டை தொங்கியது. கையில் ஏறுகிற பாட்டில்தான் அவளுக்குக் காலை உணவு, மதிய உணவு, இரவு உணவு. பக்கத்துக் கட்டிலில் கை முறிந்த பாப்பாவுக்கு அவளுடைய பெரியம்மா முட்டையை உரித்துத் தந்துகொண்டிருந்தாள். லீடர் அந்த முட்டையை, பரீட்சையில் முதலிடத்தைப் பறிகொடுத்தவள் பார்ப்பது போலப் பார்த்தாள்.

பெரிய டாக்டர் மாணவர்கள் பக்கம் திரும்பினார். "குடல் என்பது கூச்ச சுபாவம் உள்ள உறுப்பு. கை பட்டால் சுருண்டு படுத்துவிடும். அதை எழுப்ப வேண்டும். எப்படி எழுப்புவது?"

மாணவர்கள் தரையைப் பார்த்தார்கள்.

"ஏமாற்றி எழுப்ப வேண்டும். வாய் மென்றால், சாப்பாடு வருகிறது என்று குடல் நினைத்துக்கொள்ளும். நினைத்தால் அசையும். அசைந்தால் பிரியும்." அவர் தகப்பன் பக்கம் திரும்பி, இறங்கி வந்து, சாதாரண மனிதர்களின் மொழியில் பேசினார். "சர்க்கரை போடாத சூயிங்கம் வாங்கிட்டு வாங்க. ஒரு நாளைக்கு மூணு வேளை மெல்லட்டும். முழுங்கக் கூடாது. எழுப்பி உக்கார வைங்க, வராந்தாவுல நடக்க வைங்க. அப்புறம் ஒரு விஷயம். மென்னு முடிச்சதும் காகிதத்துல சுத்திக் குப்பைக்கூடையில போடணும். நம்ம ஜனங்களுக்கு அந்தப் பழக்கமே கிடையாது. நாற்காலிக்கு அடியில ஒட்டிட்டுப் போயிடுவாங்க."

"ஆமாங்க சார்" என்றார் தகப்பன். அவருக்கு அதைவிட நன்றாகத் தெரிந்த விஷயம் உலகத்தில் வேறொன்றும் இல்லை.

ஊரிலேயே பெரிய மாநாட்டுக் கூடத்தில் அவருக்குத் துப்புரவு வேலை. கூட்டுவதற்கும் துடைப்பதற்கும் வேறு ஆட்கள் இருந்தார்கள். இவருக்கு ஒட்டியதை எடுப்பது மட்டும்தான். ஒரு பிளாஸ்டிக் பையில் ஐஸ் கட்டியைப் போட்டு, கம்பளத்தில் ஒட்டிய சூயிங்கத்தின் மேல் அழுத்திப் பிடிக்க வேண்டும். அது கல்லாக இறுகியதும் மரப்பிடி போட்ட பட்டைத் தகட்டை அடியில் நுழைத்து ஒரு தட்டுத் தட்டினால், கம்பளத்தின் ஒரு நூல்கூடப் பிரியாமல் துள்ளிக்கொண்டு வரும். அவசரப்பட்டால் இழுபடும், இழுபட்டால் அந்த இடம் ஆயுசுக்கும் கறுப்பு. இந்த வேலையால் அங்கே அவருக்குச் சுரண்டி என்று பெயர் வந்துவிட்டது. மேனேஜர் வரைக்கும் அப்படித்தான் கூப்பிட்டார்கள். அந்தப் பெயரில் அவருக்கு வருத்தமும் இல்லை.

சூயிங்கத்தின் மேல்தான் வருத்தம். அவர் வீட்டில் அந்தச் சொல்லையே யாரும் சொல்வதில்லை. "சப்பிப் போட்ட சனியன்" என்பார்கள். லீடர் கரும்பலகையில் எழுதிய பெயர்களில் பாதி, அந்தச் சனியனை மென்றவர்களுடையது.

ஆஸ்பத்திரிக்கு எதிரே இருந்த பெட்டிக்கடையில் சுரண்டி வெகு நேரம் நின்றார்.

"என்ன வேணும்?"

"சூயிங்கம்."

"புதினாவா, ஆரஞ்சா?"

"எது கம்மியா ஒட்டும்?"

கடைக்காரர் அவரை மேலும் கீழும் பார்த்தார். "இதுவரைக்கும் இப்படி யாரும் கேட்டதில்லைங்க. எல்லாம் வாயில போடத்தான் வாங்குறாங்க."

"சரி, சர்க்கரை இல்லாததா ஒண்ணு குடுங்க. புதினாவே இருக்கட்டும்." வாங்கியதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, தெரிந்தவர்கள் யாராவது பார்த்தார்களா என்று ஒரு தடவை திரும்பிப் பார்த்துக்கொண்டார்.

பொட்டலத்தைப் பார்த்ததும் லீடர் தலையணைக்குள் முகத்தைப் புதைத்தாள். "சனியன்" என்றாள்.

"மருந்துடா கண்ணு. டாக்டர் சொன்னாருல்ல."

"நீதானே சொன்ன, இதை மெல்லுறவங்களுக்கு வளர்ப்பு சரியில்லைன்னு?"

"அது வந்து... உடம்பு நல்லா இருக்குறவங்களுக்குச் சொன்னது."

"எனக்கு உடம்பு நல்லா இருக்கு."

"அப்போ எழுந்து ஒரு குதி குதி, பாப்போம்" என்றாள் அம்மா. அவள் சட்டைக் கம்பெனியில் பொத்தான் தைப்பவள். வேலை இல்லாமல் கை சும்மா இருந்தால் அவளுக்குக் கோபம் வரும். லீவு எடுத்த நாளிலிருந்து கோபமாகத்தான் இருந்தாள்.

லீடர் யோசித்தாள். "அப்பாவும் மெல்லணும்."

"நானா? எதுக்கு?"

"நீ மென்னா நான் மெல்லுறேன். இல்லேன்னா மாட்டேன்."

"மெல்லுங்களேன், என்ன கெட்டுப்போச்சு" என்றாள் அம்மா. "இந்த வாய் எனக்கு எதிரா மட்டும்தான் அசையுமா?"

சுரண்டி ஒன்றைப் பிரித்து, கண்ணை மூடிக்கொண்டு வாயில் போட்டார். இத்தனை வருஷம் தரையிலிருந்தும் கம்பளத்திலிருந்தும் மேஜைக்கு அடியிலிருந்தும் எடுத்த பொருள் அவருடைய வாய்க்குள் போனது அதுதான் முதல் தடவை. மெதுவாக மென்றார். நிறுத்தினார். மறுபடி மென்றார்.

"எப்படி இருக்கு?" என்றாள் லீடர்.

"ஜில்லுன்னு இருக்கு" என்றார், கொஞ்சம் அவமானத்தோடு. "புதுசுல இவ்வளவு நல்லா இருக்கும்னு எனக்கு யாருமே சொல்லல."

அம்மாவும் கையை நீட்டினாள். மூன்று பேரும் கட்டிலில் உட்கார்ந்து, எதிர்ச் சுவரைப் பார்த்தபடி, ஒரே தாளத்தில் மென்றார்கள். பக்கத்துக் கட்டில் பெரியம்மா இதைப் பார்த்துவிட்டு, "குடும்பத்தோட அசை போடுறீங்களா? நடக்கட்டும், நடக்கட்டும்" என்றாள். முடிந்ததும் சுரண்டி மூன்றையும் வாங்கி, தனித்தனியாகக் காகிதத்தில் சுற்றி, குப்பைக்கூடை வரை நடந்துபோய்ப் போட்டார். போட்டுவிட்டு, கூடைக்குள் ஒரு தடவை எட்டிப் பார்த்தார்.

மத்தியானம் சூப்பர்வைசர் போன் செய்தார்.

"ஏம்பா சுரண்டி, எங்க இருக்க?"

"ஆஸ்பத்திரியிலதான் சார். பாப்பாவுக்கு இன்னும் சரியாகல."

"இன்னும் என்னப்பா? ஆபரேஷன்தான் முடிஞ்சுபோச்சே?"

சுரண்டி வராந்தாவுக்கு நகர்ந்து, குரலைத் தாழ்த்தினார். "காத்து பிரியணும் சார்."

"காத்துக்கா ஒரு ஆள் லீவு போடுறது?" என்றார் சூப்பர்வைசர். "இங்க பாரு. நாளன்னைக்கு டாக்டருங்க மாநாடு. பெரிய பெரிய ஆளுங்க எல்லாம் வராங்க. பெரிய ஹால் கம்பளம் பூரா அப்பியிருக்கு, போன வாரம் கல்லூரிப் பசங்க வந்துட்டுப் போனது. உன்னைவிட்டா அதை யாரு எடுப்பா? நாளன்னைக்குக் காலையில நீ இங்க இருக்கணும். இல்லேன்னா வேற ஆள் போட்டுருவேன். அப்புறம் எம்மேல வருத்தப்படக் கூடாது."

"வந்துடறேன் சார்."

"காத்து பிரிஞ்சாலும் பிரியாட்டியும்."

"சரிங்க சார்."

மாலையில் லீடரை நடக்கக் கூட்டிக்கொண்டு போனார். அவள் ஒரு கையால் சின்னத் தலையணையை வயிற்றோடு அணைத்துக்கொண்டாள். இருமினாலும் தும்மினாலும் தையல் வலிக்காமல் இருக்க சிஸ்டர் சொல்லிக்கொடுத்திருந்தாள். மறு கையால் அப்பாவின் விரலைப் பிடித்துக்கொண்டாள். பாட்டில் தொங்கும் ஸ்டாண்டை அவர் தள்ளினார். அதன் நாலு சக்கரத்தில் ஒன்று மட்டும் வேறு எங்கோ போக ஆசைப்பட்டு, கீச்சு கீச்சென்று முறையிட்டுக்கொண்டே வந்தது. இருவரும் மென்றுகொண்டே நடந்தார்கள்.

வராந்தா திரும்பும் இடத்தில் சிஸ்டரின் மேஜை. அதைத் தாண்டும்போது ஸ்டாண்டு ஒரு கணம் நின்றது. சக்கரம் அடங்கியிருந்த அந்த ஒரு கணத்தில் ஒரு சத்தம் கேட்டது. பெரிய சத்தம் இல்லை. புதுச் செருப்பு ஈரத் தரையில் வழுக்குவது போல ஒன்று.

சிஸ்டர் பாதி எழுந்துவிட்டாள். முகமெல்லாம் மலர்ந்திருந்தது. "யாரு?" என்றாள்.

"அப்பா" என்றாள் லீடர், மூக்கைப் பொத்திக்கொண்டு.

"மன்னிக்கணும் சிஸ்டர்" என்றார் சுரண்டி. "நான்தான்."

இங்கே அந்தக் குடும்பத்தின் வழக்கம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். சுரண்டிக்குக் கல்யாணமான புதிதில், மனைவியின் அண்ணன் வீட்டு விருந்தில், எல்லோரும் வட்டமாக உட்கார்ந்திருந்தபோது புதுப்பெண்ணுக்கு ஒரு அசம்பாவிதம் நேர்ந்துவிட்டது. மச்சான், மச்சானின் மனைவி, மச்சானின் மாமனார் எல்லோரும் சாப்பாட்டை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார்கள். புது மாப்பிள்ளை கையைத் தூக்கி, "மன்னிக்கணும், நான்தான்" என்றார். இந்த ஆளோடு காலம் தள்ளிவிடலாம் என்று அவள் முடிவு செய்தது அந்த நிமிஷத்தில்தான். அன்று தொடங்கி அந்த இரண்டு அறை வீட்டில் யார் விட்டாலும் விட்டவர் அவர்தான். மகள் பிறந்தாள், வளர்ந்தாள், லீடர் ஆனாள்; வீட்டில் குற்றவாளி ஒருவர் மட்டுமே. சத்தம் கேட்டதும் இரண்டு பெண்களும் அவரைப் பார்ப்பார்கள். அவர் "நான்தான்" என்பார். யோசித்துச் சொல்வதில்லை. தும்மினால் கண் மூடுவது போல அது தானாக வந்துவிடும்.

சிஸ்டர் திரும்ப உட்கார்ந்தாள். "ச்சே. எவ்வளவு ஆசையா எழுந்தேன் தெரியுமாண்ணா? கொஞ்சம் வெளியில போயி விடக் கூடாதா?" என்று சொல்லி, எடுத்த பேனாவை மூடி வைத்தாள்.

கீச்சு கீச்சென்று ஸ்டாண்டு நகர்ந்தது. வராந்தாவின் மறுகோடி வரை போய்த் திரும்பும் வேளையில்தான் சுரண்டிக்கு ஓர் ஐயம் தோன்றியது. அவர் நின்றார். தன் உடம்பை உள்ளுக்குள் ஒரு தடவை விசாரித்துப் பார்த்தார்.

"லீடரு."

"ம்."

"அது நான் இல்லியே."

"நீதானே சொன்ன."

"நான் சொன்னேன். ஆனா விடலியே."

"விடாம எதுக்குச் சொன்ன?"

அவர் அவள் உயரத்துக்குக் குனிந்தார். "நீயாடா கண்ணு? சொல்லு, அப்பாகிட்டதானே. நல்ல விஷயம்டா. விட்டா சாப்பாடு தருவாங்க."

லீடர் நேராகப் பார்த்து நடந்தாள். "நான் அதெல்லாம் விட மாட்டேன்" என்றாள்.

அவர் சிஸ்டரிடம் போய்ச் சொல்லிப் பார்த்தார். சிஸ்டர் பரிதாபமாகத் தலையை ஆட்டினாள். "அண்ணா, எனக்கும் புள்ளைங்க இருக்கு. அவ சாப்பிடணும்னு உங்களுக்கு ஆசை இருக்கும். அதுக்காக உங்களுத அவ கணக்குல எழுதச் சொல்றீங்களே. நாளைக்கு ஏதாவது ஆச்சுன்னா யாரு பதில் சொல்றது?"

மனைவியிடம் சொன்னபோது அவள் தலையில் கை வைத்துக்கொண்டாள். "ஊரு பழி எல்லாம் உங்களுக்குத்தான் வேணும். கேக்குறதுக்கு முன்னாடியே ஆமாம்னு தலையாட்டணுமா? ஒரு நிமிஷம், ஒரே நிமிஷம் வாயை மூடிட்டு இருந்திருந்தா இந்நேரம் புள்ள சூப்பு குடிச்சிட்டிருப்பா."

"பழக்கமாயிடுச்சும்மா. யார் பழக்கினது?"

அவள் திரும்பி உட்கார்ந்துகொண்டு போர்வையை மடித்தாள். ஏற்கெனவே மடித்திருந்த போர்வை. அவள் தோள் குலுங்கியது. அழுகிறாளோ என்று சுரண்டி பயந்து எட்டிப் பார்த்தார். சிரித்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலை பெரிய டாக்டர் வந்தபோது சிரிப்பு நின்றுவிட்டது. அவர் வயிற்றில் விரலை வைத்துத் தட்டினார். அட்டையைப் பார்த்தார். "வாயு வெளியேறவில்லை" என்று உரக்கப் படித்தார். பிறகு சின்ன டாக்டரிடம் சொன்னார்: "நாளைக்கு எனக்கு மாநாடு. இதைத் தொங்கலில் விட்டுவிட்டுப் போக முடியாது. இன்றைக்கே படம் எடுங்கள். அடைப்பு மாதிரி ஏதாவது தெரிந்தால் சாயங்காலமே மறுபடி திறந்துவிடலாம்."

"மறுபடியா?" என்றாள் அம்மா.

"பயப்படாதீங்கம்மா. அதே இடத்துலதான் திறப்போம். புதுத் தழும்பு வராது."

சுரண்டி முன்னால் வந்தார். கையைக் கட்டிக்கொண்டார், பிறகு அவிழ்த்துக்கொண்டார். "சார், நேத்தே போயிடுச்சு சார்."

"என்ன போயிடுச்சு?"

"காத்து. வராந்தாவுல."

பெரிய டாக்டர் சிஸ்டரைப் பார்த்தார். சிஸ்டர் கண்ணைத் தாழ்த்திக்கொண்டு, "அது அவங்க அப்பா விட்டது சார். அவரே ஒத்துக்கிட்டாரு" என்றாள். மாணவர்களில் ஒருத்தி இருமலுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள்.

"நீங்கதான்னு ஒத்துக்கிட்டீங்களா?"

"ஆமாங்க சார்."

"இப்போ அந்தப் பொண்ணுன்னு சொல்றீங்க."

"ஆமாங்க சார்."

"எது உண்மை?"

"ரெண்டாவது சொன்னது சார். முதல்ல சொன்னது... வாய்ல வந்துடுச்சு."

பெரிய டாக்டர் மாணவர்கள் பக்கம் திரும்பினார். அவர் குரலில் இரக்கமும் அறிவும் சம அளவில் கலந்திருந்தன. "குறித்துக்கொள்ளுங்கள். உறவினரின் வாக்குமூலத்தை ஒருபோதும் நம்பக் கூடாது. பாசம் வந்தால் மனிதன் கூசாமல் பொய் சொல்வான். இந்த மனிதர் நல்லவர்தான். ஆனால் பொய் சொல்கிறார்."

பேனாக்கள் ஓடின.

லீடர் கட்டிலில் எழுந்து உட்கார்ந்தாள். தலையணையை வயிற்றோடு அழுத்திக்கொண்டாள். அவள் அப்பாவைப் பார்த்தாள். அவர் கரும்பலகையில் பெயர் எழுதப்பட்ட பையன் நிற்பது போல நின்றுகொண்டிருந்தார். பலகையில் தப்பான பெயரை எழுதுவது அவளுக்கு எப்போதுமே ஆகாது.

"சார்" என்றாள்.

யாரும் கவனிக்கவில்லை. கையைத் தூக்கினாள், பாட்டில் குழாய் இழுபடும் வரைக்கும். "சார்."

"என்ன பாப்பா?"

"அப்பா இன்னைக்குப் பொய் சொல்லல. நேத்துதான் சொன்னாரு."

மௌனம் மறுபடியும் ஆழ்ந்தது.

"நேத்து வராந்தாவுல அப்பா விட்டது நான் விட்டது" என்றாள் லீடர். வாய்ப்பாடு ஒப்பிப்பவள் போல நிறுத்தாமல் சொன்னாள். "ராத்திரி ஒண்ணு. விடிஞ்சதும் ரெண்டு. அதுவும் நான்தான். அதெல்லாம் சத்தம் வரல."

இருமியவள் வாசல் பக்கம் போய்விட்டாள். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பக்கத்துக் கட்டில் பெரியம்மா, "நான் அப்பவே நினைச்சேன்" என்று முட்டையிடம் சொன்னாள்.

பெரிய டாக்டர் ஸ்டெதாஸ்கோப்பை எடுத்து, உள்ளங்கையில் தேய்த்துச் சூடாக்கி, லீடரின் வயிற்றில் வைத்தார். வெகு நேரம் கேட்டார். இடம் மாற்றி வைத்துக் கேட்டார். அவர் முகம் ஒரு கச்சேரியின் முதல் வரிசையில் உட்கார்ந்திருப்பவரின் முகம் போல மாறியது.

"நன்றாக ஓடுகிறது" என்றார். "நான் எதிர்பார்த்தபடியே இன்று காலைக்குள் எழுந்துவிட்டது. இதுதான் சூயிங்கத்தின் மகிமை. குறித்துக்கொள்ளுங்கள்."

படம் எடுப்பதும் திறப்பதும் நின்றுபோயின. முதலில் ஸ்பூனில் வெதுவெதுப்பான தண்ணீர், அது தங்கினால் வடிகட்டின சூப், அதுவும் தங்கினால் பாலில் நனைத்த ரொட்டி என்று சின்ன டாக்டர் அட்டையில் எழுதினார். தகப்பனிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை. அவரும் எதிர்பார்க்கவில்லை.

முதல் ஸ்பூன் தண்ணீரை லீடர் உடனே விழுங்காமல் நாக்கில் வைத்துக்கொண்டிருந்தாள்.

"எப்படி இருக்கு?" என்றார் சுரண்டி.

"இனிக்குது" என்றாள். பிறகு அவரைக் கிட்டே வரச் சொல்லி, "ஸ்கூல்ல சொல்லக் கூடாது" என்றாள்.

"சத்தியமா சொல்ல மாட்டேன்."

மத்தியானம் சூப் வந்தது. சூப் முடிந்து கொஞ்ச நேரத்தில் வார்டில் ஒரு சத்தம் கேட்டது. இந்தத் தடவை செருப்பு இல்லை, கதவு. சிஸ்டர் நிமிர்ந்து, "யாரு?" என்றாள். லீடர் பழக்க தோஷத்தில் அப்பாவைப் பார்த்தாள். அம்மாவும் பார்த்தாள். சுரண்டி உதட்டை இறுக மூடிக்கொண்டு, கூரையில் சுற்றும் மின்விசிறியை எண்ணத் தொடங்கினார். ஒரே ஒரு மின்விசிறிதான் இருந்தது. அதையே திரும்பத் திரும்ப எண்ணினார்.

"சரி சரி, எழுதிக்கிட்டேன்" என்றாள் சிஸ்டர்.

அடுத்த நாள் விடியும்போதே சுரண்டி மாநாட்டுக் கூடத்தின் பின்வாசலில் நின்றார். சூப்பர்வைசர் புது அடையாள அட்டை ஒன்றை நீட்டினார்.

"பழசு என்கிட்ட இருக்கே சார்."

"பழச குடுத்துடு. லீவு அளவைத் தாண்டிப் போயிடுச்சு, ஆபீஸ்ல பேரை அடிச்சுட்டாங்க. நான்தான் கெஞ்சிக் கூத்தாடி மறுபடி உள்ள போட்டிருக்கேன். இன்னைக்குச் சேந்த புது ஆள் நீ."

"அப்போ பழைய சர்வீசு?"

"புது ஆளுக்கு ஏதுப்பா பழைய சர்வீசு?" சூப்பர்வைசர் அவர் தோளைத் தட்டினார். "பழகுற காலம் முடியட்டும். நல்லா வேலை செஞ்சா நிரந்தரம் பண்ணச் சொல்றேன். காத்து பிரிஞ்சுதா?"

"பிரிஞ்சுது சார்."

"பாத்தியா. எல்லாம் நல்லதுக்குத்தான்."

புது ஆள் ஐஸ் பையையும் பட்டைத் தகட்டையும் எடுத்துக்கொண்டு பெரிய ஹாலுக்குள் போனார். மேடையில் ஒரு பதாகை தொங்கியது. அதில் பெரிய டாக்டர் முகவாயில் கையை வைத்துக்கொண்டு எதையோ யோசித்துக்கொண்டிருந்தார். கம்பளத்தை விருந்தினர்கள் வருவதற்குள் முடித்துவிட்டு, சுரண்டி கடைசி வரிசைக்குப் பின்னால் தூண் ஓரமாக நின்றுகொண்டார். ஏதாவது சிந்தினால் ஓட வேண்டும் என்பது உத்தரவு.

டாக்டர்கள் வந்து நிறைந்தார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு பை கொடுத்தார்கள். பையில் ஒரு பேனா, ஒரு கோப்பு, செலவை ஏற்றுக்கொண்ட கம்பெனியின் சூயிங்கம் ஒரு பொட்டலம்.

பெரிய டாக்டர் வெகு நேரம் பேசினார். குழந்தைகளின் குடலைப் பற்றியும் அதன் கூச்சத்தைப் பற்றியும் பேசினார். பிறகு, தம் வார்டில் ஒரு சிறுமி இருந்ததாகவும், அவளுடைய தகப்பன், படிப்பறிவில்லாத ஒரு அப்பாவி, தவறான தகவல் தந்து சிகிச்சையையே திசைதிருப்பப் பார்த்ததாகவும், அந்தக் குழப்பத்துக்கு நடுவிலும் தாம் காதைத் தீட்டிக்கொண்டு உண்மையைக் கண்டுபிடித்ததாகவும் சொன்னார். "அந்தத் தகப்பன் விட்டது மகள் விட்டது" என்றபோது கூடமே அதிர்ந்து சிரித்தது. கடைசி வரிசைக்குப் பின்னால் சுரண்டியும் சிரித்தார். அவருக்கும் அது வேடிக்கையாகத்தான் இருந்தது. "எழுதப் படிக்கத் தெரியும் சார்" என்று மட்டும் தூணிடம் சொன்னார்.

மத்தியானத்துக்கு மேல் ஹால் காலியானது. வாடகை நாற்காலிகளை எண்ணி அனுப்ப வேண்டும் என்பதால், அடிப்பக்கத்தைச் சுத்தம் செய்யச் சொன்னார்கள். சுரண்டி கடைசி வரிசையிலிருந்து ஒவ்வொரு நாற்காலியாகக் கவிழ்த்துக்கொண்டே வந்தார். கவிழ்க்கக் கவிழ்க்கப் புதினா வாசனை வந்தது. ஐஸ் பை இரண்டு தடவை கரைந்து, இரண்டு தடவை நிரப்ப வேண்டியிருந்தது. ஹால் முழுக்க எங்கும் குப்பைக்கூடைகள் இருந்தன. எல்லாம் சுத்தமாக இருந்தன.

முதல் வரிசைக்கு வந்தபோது போன் அடித்தது. லீடர் பேசினாள்.

"அப்பா, ரொட்டி சாப்பிட்டேன். பக்கத்துப் பெரியம்மா முட்டை குடுத்தாங்க. சிஸ்டர் கொஞ்சமா திங்கச் சொன்னாங்க, தின்னேன்."

"வயிறு வலிக்குதா?"

"இல்ல. அப்புறம்..." அவள் குரலைத் தாழ்த்தினாள். "அதுவும் போயிடுச்சுப்பா. நல்லாவே. நாளைக்கு வீட்டுக்குப் போகலாமாம்."

"அடி சக்கை."

"யார்கிட்டயும் சொல்லாத."

"யாராவது கேட்டா நான்தான்னு சொல்லிடறேன்" என்றார் சுரண்டி. அந்தப் பக்கம் இரண்டு பேர் சிரிப்பது கேட்டது.

போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, நடு நாற்காலியைப் பிடித்தார். அதன் முதுகில் பெரிய டாக்டரின் பெயர் அச்சடித்த சீட்டு இன்னும் ஒட்டியிருந்தது. கவிழ்த்தார். அடியில் இரண்டு இருந்தன. ஒன்று இன்னும் காயவில்லை.